இருள் வழங்கக் கோருதல் தொடர்பாக

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 152. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லிக் கோட்டாட்சியர் நிபந்தனை உத்தரவு போடலாம் என்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு எண் 133. கோட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க 133 என்று எழுதியே என் கை பழகியிருந்தது. நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு எண்ணை மாற்றினார்கள். தொல்லைகள் அப்படியேதான் இருக்கின்றன. சூளைப் புகை, தெருவில் விட்ட சாக்கடை, வாய்க்காலை மறித்துக் கட்டிய சுவர் என்று எத்தனையோ கோப்புகளில் இந்தப் பிரிவின் கீழ் உத்தரவு வரைந்து மேலே அனுப்பியிருக்கிறேன். வெளிச்சம் தொல்லை தருகிறது என்று ஒரு கோப்பும் என் மேசைக்கு வந்ததில்லை.

அந்தப் பிரிவில் 'பொது இடம்' என்ற சொல் இருக்கிறது. என் மொட்டை மாடி பொது இடம் அல்ல. ஆனால் அதற்கு மேலே இருக்கும் வானம் யார் பேரில் பட்டாவாகியிருக்கிறது? இந்த ஒரே வாதத்தை நம்பி மனு எழுதினேன். இந்த விவகாரம் முடிவதற்குள் இரண்டு வீட்டில் ரத்தம் சிந்தியது. மூன்றாவதாக ஒருவருக்கு உதடு கிழிந்தது. அவருக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

எங்கள் ஊர் அரசலாற்றுக்குத் தெற்கே. சுற்றிலும் வயல். இப்படிப்பட்ட ஊரில் வானம் கறுப்பாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இங்கே ஒரு வீடு கட்டி முடிந்தது என்பதற்கு அடையாளம் கிரகப்பிரவேசம் அல்ல, மாடிச் சுவரில் போகஸ் லைட் ஏறுவதுதான். எனக்குக் கிழக்கே சிங்கப்பூர்ப் பணத்தில் எழுந்த வீடு. அதன் நாலு மூலையிலும் விளக்கு. வடக்கே குவைத்தில் இருப்பவரின் வீடு. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது, அந்தி சாய்ந்ததும் தானாகப் பற்றிக்கொண்டு விடியும் வரை சாத்திய கதவைக் காவல் காக்கிறது. தெற்கே பால் வியாபாரி. மாட்டுக்குக் கொசு கடிக்கிறது என்று அவர் கொட்டகையில் போட்ட விளக்குக்கு டெல்டாவின் பூச்சியெல்லாம் வந்து சாகிறது. காலையில் அவர் வீட்டு அம்மாள் பிணங்களை முறத்தில் அள்ளிக் கோழிக்குப் போடுவார்.

மிச்சமிருந்தது மேற்கு. அங்கே என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். தாத்தா காலத்து மனையை இரண்டாக வகுத்துக் கட்டிய வீடுகள். நடுவில் ஒரு ஆள் கையை விரித்தால் இரு சுவரையும் தொடும் சந்து. அவர் வீடு மாடியில்லாத வீடு. அதைத் தாண்டினால் வயல், அதற்கப்பால் மூங்கில் கொல்லை. சூரியன் இறங்கியபின் கொஞ்ச நேரத்துக்கு அந்தத் திசையில் மட்டும் எனக்கு வானம் கிடைத்துக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் நான் செய்த ஒரே ஊதாரிச் செலவு ஒரு தொலைநோக்கி. ஆள் உயரத்துக்கு வெள்ளைக் குழாய், அடியில் கண்ணாடி. என் மனைவி அதற்கு வைத்த பெயர் போர்வெல் பைப். "பைப்பு மேல துணி காயப்போட்டுக்கலாமா?" என்று வாங்கிய அன்றே கேட்டாள்.

அந்த வருடம் ஒரு வால்நட்சத்திரம் வருவதாக இருந்தது. புரட்டாசி கடைசியில் தொடங்கி ஐப்பசியில் சில நாட்கள், அந்தி சாய்ந்ததும், மேற்கே, அடிவானத்தை ஒட்டி. பிறகு போய்விடும். அடுத்த சுற்றுக்கு வரும்போது காவிரி இருக்குமா, அதில் தண்ணீர் கேட்டு வழக்குப் போட மனிதர்கள் இருப்பார்களா என்று சொல்ல முடியாது. என் வீட்டுக் கணக்கில் அது அண்ணன் வீட்டுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். அதை என் மாடியிலிருந்து பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அதே திசையில் வெள்ளிக் கிரகம் ஜொலித்துக்கொண்டிருந்தது. ஆவணியிலிருந்தே தினமும் குழாயை அதன் பக்கம் திருப்பிக் கையைப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம்தான் அண்ணன் மகன் துபாயிலிருந்து ஊரோடு திரும்பி வந்து, தகப்பன் வீட்டின்மேல் மாடி எடுத்து, கல்யாணமும் பண்ணிக்கொண்டான். மாடியில், சந்துப் பக்கம் கொஞ்சம் திறந்த இடம் விட்டு, ஒரு பாத்ரூம். அதன் வென்டிலேட்டர் கிழக்கு பார்த்தது, அதாவது என் மாடியைப் பார்த்தது. மேஸ்திரி வைத்தார், வீட்டுக்காரன் சரி என்றான், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

புரட்டாசியில் ஒரு மாலை. குழாயில் கண்ணை வைத்திருந்தேன். வெள்ளி அரைவட்டமாகத் தெரிந்தது. திடீரென்று யாரோ முகத்தில் பளீரென்று அறைந்தது போல வெளிச்சம். கண்ணைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்ததில் இடுப்பு தண்ணீர்த் தொட்டியில் மோதியது. வென்டிலேட்டருக்கு மேலே, என் முகத்துக்கு நேராகச் சாய்த்து ஒரு போகஸ் லைட் பூட்டியிருந்தார்கள். அதன் பின்னால் நின்ற ஆள் தெரியவில்லை. குரல் தெரிந்தது.

"தம்பி! இப்ப நல்லா தெரியுதா?"

"என்னண்ணே இது? கண்ணு அவியுது."

"அவியட்டும். அவியணும்னுதான் போட்டுருக்கேன். ஊருல இவ்ளோ எடம் கெடக்கையில எம்மருமவ குளிக்கிற ரூமத்தான் பாக்கணுமா ஒனக்கு? பென்சன் வாங்குற வயசுல?"

"வெள்ளியப் பாத்துக்கிட்டிருந்தேண்ணே."

"வெள்ளி எங்க வீட்டு பாத்ரூமுல வந்து குளிக்குதா?"

இதற்கு மாடிக்கு மாடி கத்திப் பதில் சொல்ல முடியாது என்று கீழே இறங்கி அவர் வாசலுக்குப் போனேன். பார்வைக் கோணம், அடிவானம், குழாயின் குவியம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிப் புரியவைக்கலாம் என்ற எண்ணம். அலுவலகத்தில் எத்தனை பேருக்கு எத்தனை சட்டம் விளக்கியிருக்கிறேன். முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் அண்ணன் கை கன்னத்தில் விழுந்தது. மூக்குக்கண்ணாடி கழன்று சாக்கடையில் போனது. அண்ணன் மகன் குனிந்து அதை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்து, "வீட்டுக்குப் போங்க சித்தப்பா. இன்னொரு அடி விழுந்தா நல்லாருக்காது" என்றான். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டிருந்தது.

வீட்டில் மனைவி வெந்நீரில் துணியை முக்கிக் கன்னத்தில் வைத்தாள். கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

"பாத்தீங்களா?"

"எதை?"

"எதைன்னு எங்கிட்ட கேக்காதீங்க. பாத்தீங்களா, இல்லையா?"

"அந்தக் குழாயில இவ்ளோ கிட்டக்க இருக்கறதப் பாத்தா படம் சேராது. கலங்கலாத்தான் தெரியும். அது தூரத்துக்குன்னே செஞ்ச கண்ணாடி."

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல வரலையா ஒங்களுக்கு? ஆபீஸு மெமோக்கு விளக்கம் எழுதுற மாதிரியே பேசுறீங்க."

"இல்லை."

அவள் வெந்நீரைக் கொல்லையில் வீசி ஊற்றிவிட்டு உள்ளே போனாள். நம்பினேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. கோப்பு நிலுவையில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஊராட்சித் தலைவர் விசாரணைக்கு வந்தார். எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆகவே தலைவர் என்பது தலைவியின் கணவர். கூடவே நாலைந்து பேர். அண்ணனும் மகனும் அவர்களோடு என் மாடிக்கு ஏறி வந்தார்கள். நேரிலேயே சோதித்துவிடுவது என்று முடிவு. எதிர்மாடியில் போகஸ் லைட்டை அணைத்து, பாத்ரூம் விளக்கைப் போட்டு, ஒரு சிவப்பு வாளியை ஸ்டூல்மேல் ஏற்றி வென்டிலேட்டருக்கு நேராக வைத்துவிட்டு வந்தான் அண்ணன் மகன். குழாயை அங்கே திருப்பச் சொன்னார்கள். திருப்பினேன். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்ணை வைத்தார்.

"என்னய்யா இது, ஒண்ணும் வெளங்கல. செவப்பா என்னமோ ஆடுது."

"நான் சொன்னதுதாங்க. இது கிட்டக்க இருக்கறதுக்கு இல்ல."

"இரு, இரு. கொஞ்சம் தெரியுது. அட, தலைகீழாத் தெரியுதுய்யா! வாளி கவுந்து தொங்குது!"

"அதையும்தான் சொல்றேன். இதுல எல்லாமே தலைகீழாத்தான் தெரியும். வானத்துல மேல கீழ கெடையாது, அதனால பரவால்ல. மனுசனப் பாக்க எவனாவது இத வாங்குவானா?"

"எங்க, நவுருங்க, நானும் பாக்குறேன்" என்று அடுத்தவர் வந்தார். பிறகு அதற்கடுத்தவர். வரிசை கட்டி நின்று ஒவ்வொருவராக அந்தப் பாத்ரூமை நன்றாகப் பார்த்தார்கள். என்மேல் சுமத்திய குற்றத்தை ஊர் முழுவதும் முறைப்படி செய்து பார்த்துக்கொண்டிருப்பது அங்கே இருந்த யாருக்கும் உறைக்கவில்லை. கடைசியாகப் பார்த்தவர் உரக்கடைக்காரர். எப்போதும் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர். கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"தலைகீழாக் குளிச்சாலும் குளிக்கிறது குளிக்கிறதுதானுங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். அண்ணன் ஒரே எட்டில் போய் உரக்கடைக்காரரின் சட்டையைச் சேர்த்துப் பிடித்துத் தலையைக் குழாயிலேயே மோதினார். உதடு கிழிந்து வெள்ளைக் குழாயில் ரத்தம் வழிந்தது.

"எம்மருமவள வச்சுச் சிரிக்கிறியா? எங்க, இப்ப சிரி!"

விலக்கப் போன தலைவருக்கு நெஞ்சில் ஒரு குத்து. ஆளுக்கு ஆள் பிடித்துத் தள்ளியதில் தண்ணீர்த் தொட்டியின் மூடி சந்தில் போய் விழுந்தது. அப்போது எதிர்மாடியிலிருந்து அந்த மருமகப் பெண்ணின் குரல் கேட்டது. சத்தம் போட்டுப் பேசுகிற பெண் அல்ல. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"மாமா, இத்தன நாளா ஒருத்தர் பாத்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. இன்னைக்கு அஞ்சாறு பேரு பாத்துட்டாங்க. நீங்கதான் கூட்டியாந்தீங்க."

அண்ணன் மகன் என் மாடியிலிருந்து இறங்கி ஓடினான். சற்று நேரத்தில் எதிர்மாடியில் அறை விழும் சத்தம் கேட்டது. ஒன்று அல்ல. கீழே அடுப்படியிலிருந்த என் மனைவி சந்துக்கு ஓடி வந்து, "பொண்டாட்டிமேல எதுக்குடா கை நீட்டுற? ஒங்கப்பன் மேல நீட்டு!" என்று கத்தினாள். பஞ்சாயத்து அத்தோடு கலைந்தது. தீர்ப்பு எதுவும் சொல்லப்படவில்லை. அன்றிரவே போகஸ் லைட் மறுபடியும் எரிந்தது.

மறுநாள்தான் மனு எழுதினேன். பொருள்: இருள் வழங்கக் கோருதல் தொடர்பாக. பார்வை: மேற்படி பிரிவு. என் கோரிக்கை எளிது. குறிப்பிட்ட சில மாலைகளில், குறிப்பிட்ட ஒரு விளக்கை, கீழ்நோக்கித் திருப்பி வைக்கவோ அணைத்துவைக்கவோ உத்தரவிட வேண்டும். வானம் பொது இடமே என்பதற்கு ஒரு பக்கம் வாதம் சேர்த்தேன். நகல் மேலும் மூன்று அலுவலகங்களுக்கு அனுப்பினேன். நகல் அனுப்பினால்தான் மூல மனு நகரும் என்பது எழுதப்படாத விதி. அதை இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். உச்சி வெயிலில் வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதிர்மாடியைப் பார்த்தார்.

"சார், இப்ப லைட்டு எரியலையே."

"தம்பி, இது பகல்."

"அது சரிதாங்க சார். நான் பாத்ததத்தான எழுத முடியும்? ஸ்தல ஆய்வின்போது விளக்கு எரியவில்லைன்னு போட்டுக்கறேன்."

அடுத்த வாரம் ஏணியோடு ஒரு வண்டி வந்து என் வாசலில் நின்றது. இரண்டு பேர் இறங்கி, என் கேட்டுக்கு எதிரே இருந்த மின்கம்பத்தில் புதிதாக ஒரு எல்இடி தெருவிளக்கைப் பொருத்தினார்கள். ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஐயா, இது ஒங்க மனுதாங்க. வெளக்கு சம்பந்தமா எழுதியிருந்தீங்களாமே. மேலேர்ந்து ஃபோன் மேல ஃபோன். ஒடனே முடிச்சுக் குடுன்னுட்டாங்க."

எப்படி நடந்தது என்று எனக்கு உடனே விளங்கியது. வரும் மனுக்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் இருக்கை ஒன்று உண்டு. அங்கே இருப்பவருக்கு மனுவைப் படிக்க நேரமில்லை. ஒரு சொல்லைப் பிடித்து அதற்கான காகிதக் கட்டோடு சேர்ப்பார். சாலை, குடிநீர், பட்டா, விளக்கு. விளக்கு என்று மனு வந்தால் விளக்கு வேண்டும் என்றுதான் அர்த்தம். விளக்கு வேண்டாம் என்று இந்த நாட்டில் எவனாவது மனுப் போடுவானா? வேலை நடந்தது. எழுத்தில் பதில் மட்டும் வரவில்லை.

வால்நட்சத்திரம் வந்துவிட்டது. முதல் சில நாட்கள் மேகம். பிறகு மேகம் விலகியது, விளக்கு விலகவில்லை. எதிரே போகஸ் லைட், பின்னால் எனக்கென்றே அரசு வழங்கிய தெருவிளக்கு. நடுவில் நின்று மேற்கே பார்த்தால் வெளுத்த சுண்ணாம்புத் தண்ணீர்தான் தெரிந்தது. வெளியூர்களில் எல்லோரும் படம் எடுத்து ஃபோனில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்தங்கரைக்குத் தூக்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"போகலாம். நாளைக்கே ஊருல என்ன சொல்லுவான்? குத்தம் உள்ளவன், அதான் பைப்பத் தூக்கிக்கிட்டு ஓடிட்டான்னு சொல்லுவான். பாத்தா இந்த மாடிலேர்ந்துதான் பாக்கணும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

வால்நட்சத்திரம் நாளுக்கு நாள் மேலே ஏறிக்கொண்டும் மங்கிக்கொண்டும் இருந்தது. இன்னும் ஓரிரு மாலைதான் வெறுங்கண்ணுக்குக் கிடைக்கும் என்ற நிலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. மாடியின் மேற்கு ஓரத்தில் இரண்டு மூங்கிலை நட்டு, நெல் மூடுகிற கறுப்புத் தார்ப்பாயை விரித்துக் கட்டினேன். விளக்கு மறைந்துவிடும், அதற்கு மேலே ஒரு கீற்று வானம் மிஞ்சும். என் மாடியில் என் தார்ப்பாய். எந்தப் பிரிவின் கீழும் யாரும் கேட்க முடியாது.

சூரியன் இறங்கியது. அவர்கள் விளக்கு எரிந்தது. தார்ப்பாய்க்குப் பின்னால் நான் குழாயைத் திருப்பினேன்.

"மறைச்சுக் கட்டிக்கிட்டு ஓட்ட வழியாப் பாக்குறான்டா!" அண்ணன் குரல் எதிர்மாடியில் வெடித்தது. "போய் அத ஒடச்சு எறிடா!"

தார்ப்பாய் கிழிந்தது. அண்ணன் மகன் சந்தைத் தாண்டி என் மாடியில் குதித்தான். கையில் கடப்பாரை. வெளிச்சம் அவனுக்குப் பின்னாலிருந்து அடித்ததால் முகம் தெரியவில்லை.

"சித்தப்பா, தள்ளிக்குங்க. ஒங்க மேல படக்கூடாது."

அவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டுக் குழாயை நடுவில் அடித்தான். தகரம் மடங்கியது. இரண்டாவது அடியில் அடிப்பகுதி கழன்று, கண்ணாடி தரையில் விழுந்து நொறுங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு விதிகள் மறந்துவிட்டன. அவன் முன்கையைப் பிடித்துக் கடித்தேன். பல் சதைக்குள் இறங்கியது, வாயில் உப்புக் கரித்தது. என் பற்கள் எல்லாம் சொந்தப் பற்கள். அவன் அலறிக்கொண்டு உதறியதில் கடப்பாரை என் தோளில் இறங்கியது. உள்ளே எதுவோ மளுக்கென்றது. கிழக்குச் சுவரில் முதுகு தேய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தேன்.

"கண்ணுல குத்துடா! பாக்குற கண்ணுல குத்து!" என்று கத்திக்கொண்டிருந்தார் அண்ணன், எனக்குச் சின்ன வயதில் நீச்சல் கற்றுக்கொடுத்தவர்.

அவன் குத்தியிருப்பான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கடப்பாரையை மறுபடியும் எடுத்தான். அதற்குள் என் மனைவி படியேறி வந்துவிட்டாள். கையில் தொரட்டி. முருங்கைக்காய் பறிக்கிற நீள மூங்கில், நுனியில் கொக்கி அரிவாள். அவள் அவன் பக்கமே போகவில்லை. நேராக மேற்கு ஓரத்துக்குப் போனாள்.

"அடிக்கிறதுக்கு வெளிச்சம் வேறயாடா ஒங்களுக்கு?"

கொக்கியை விளக்கில் மாட்டி இரண்டு கையாலும் இழுத்தாள். ஒரு இழுப்பில் வரவில்லை. சுவரில் காலை வைத்து இழுத்தாள். சிமெண்ட் காரையோடு விளக்கு பெயர்ந்து, கீழே நின்ற அண்ணன் நெற்றியில் மோதி, ஒயரைப் பிய்த்துக்கொண்டு சந்தில் விழுந்தது. நீலமாகப் பொறி பறந்தது. தெருக்கோடி டிரான்ஸ்பார்மரில் பீஸ் போகும் வெடிச்சத்தம். அரசு வழங்கிய தெருவிளக்கு அணைந்தது. சிங்கப்பூர் அணைந்தது, குவைத் அணைந்தது, மாட்டுக் கொட்டகை அணைந்தது. வீடுகளுக்குள்ளே மட்டும் இன்வெர்ட்டர் பல்புகள் மினுக்கின.

எதிர்மாடியில் அண்ணன் முனகிக்கொண்டிருந்தார். தெருவில் யாரோ "கரண்டு மட்டுந்தானா, எவனும் செத்துட்டானா?" என்று கேட்டார்கள். நான் கிழக்குச் சுவரில் சாய்ந்து மேற்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என் முயற்சி எதுவும் இல்லை; விழுந்த இடம் அப்படி.

கிழிந்த தார்ப்பாய்க்கு மேலே அது இருந்தது. நான் நினைத்திருந்ததைவிட நீளம். கரும்பலகையில் சாக்பீஸைப் படுக்கவைத்து லேசாக இழுத்துவிட்ட தடம், மேலே போகப்போக அகன்று, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல். இடது பக்கம் தாழ்வாக வெள்ளி. மூச்சு விட்டால் தோள் வலித்தது. மூச்சை நிறுத்தி வைத்துப் பார்த்தேன்.

அண்ணன் மகன் என் பக்கத்தில் தரையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"டேய், அங்க பாருடா" என்றேன்.

"என்ன சித்தப்பா?"

"அங்க. மேல."

"இருங்க சித்தப்பா, ஃபோனு எங்க விழுந்துச்சுன்னு தெரியல."

கண்டுபிடித்துவிட்டான். டார்ச்சைப் போட்டு என் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"ரொம்பப் பட்டுருச்சா சித்தப்பா?"

அதற்குப் பிறகு ஊரே ஃபோன் வெளிச்சத்தோடு என் மாடியில் ஏறிவிட்டது.

கும்பகோணத்தில் எலும்பு டாக்டர் தோளை ஒட்டிய காறை எலும்பு முறிந்திருக்கிறது என்றார். அண்ணன் நெற்றியில் தையல், மகன் கையில் தையல், எனக்கு எட்டுப் போட்டாற்போல முதுகைச் சுற்றி ஒரு கட்டு. மனைவி பக்கத்தில் இருந்து காபியை ஆற்றிக் கொடுத்தாள்.

"நானும் பாத்தேன்" என்றாள்.

"எப்ப?"

"நீங்க வாயப் பொளந்துகிட்டுப் பாத்தீங்களே, அப்பதான். இதுக்கா இத்தன நாளா செத்துக்கிட்டிருந்தீங்க? நெருப்புப்பெட்டி ஒரசுன மாதிரில்ல இருக்கு." தம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "பொய் சொல்லிருந்தா அடிபட்ட கையோட அதப் போய்ப் பாத்துக்கிட்டிருக்க மாட்டீங்க" என்றாள். நிலுவைக் கோப்பு அத்தோடு முடிந்தது.

காவல் நிலையத்தில் இரண்டு புகார், ஒன்றுக்கொன்று எதிராக. மேல் நடவடிக்கை வேண்டாம் என்று இரு தரப்பிலும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். என் தரப்பை மட்டுமல்ல, அண்ணன் தரப்பையும் நானே சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். அவர்களுக்கு வாசகம் வரவில்லை. அந்தப் பெண் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். பாத்ரூம் வென்டிலேட்டரை அடைத்தால்தான் வருவேன் என்று சொல்லியனுப்பினாளாம். கொத்தனார் கொஞ்சம் செங்கல்லை வைத்து அரை நாளில் அடைத்துவிட்டார். அவள் வந்துவிட்டாள். அடைத்த சுவருக்கு மேலே இப்போது இரண்டு போகஸ் லைட். எதைக் காக்க என்று கேட்பதற்கு எனக்கு இன்னும் தோள் முழுதாக ஆறவில்லை.

அண்ணன் வீட்டோடு பேச்சு இல்லை. பையன் மட்டும் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "கை எப்படி இருக்கு சித்தப்பா?" என்று கேட்கிறான். உன் கை எப்படி இருக்கிறது என்று நானும் கேட்கிறேன். பல் பதிந்த வடுவைத் திருப்பிக் காட்டுவான். தொலைநோக்கியின் மிச்சத்தைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டாயிற்று. பழைய இரும்புக்காரர் கேட்டார். மனைவி தரமாட்டேன் என்றுவிட்டாள்.

கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து பதில் பதிவுத் தபாலில் வந்தது. நல்ல தமிழ், பிழை இல்லை. வரைந்தவர் யாரிடம் தொழில் கற்றவர் என்று வாசித்ததுமே தெரிந்தது. 'மனுதாரர் வசம் இருந்த தொலைநோக்கி தற்போது முற்றிலும் சேதமடைந்துள்ளதாக விசாரணையில் தெரியவருவதால், மனுதாரருக்கு இருள் தேவைப்படும் நிலை எழவில்லை. எனவே மனு மேல்நடவடிக்கையின்றி முடிவு செய்யப்படுகிறது.' ஒப்புகைச் சீட்டில் இடது கையால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட நாள், தை அமாவாசை.